பிள்ளையைக் கராத்தேக்கு விடலாமோ? யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொக்குவில் பக்கத்துச் சனசமூக நிலைய மண்டபம் ஒன்றில் பின்னேரங்களில் சிறிய பிள்ளைகளுக்குக் கராத்தே படிப்பிக்க உதவியாக நிற்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்புத் தேடும் நேரத்தில் தாய் தகப்பன்மார் கிட்ட வந்து கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நின்ற நிலையில் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட ஒரு இடத்தில் ஆறுதலாக எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கராத்தே, ஜூடோ, தைக்குவாண்டோ, வூஷூ, சிலம்பம் எண்டு எத்தினையோ சொல்லுறாங்கள். எங்கட பிள்ளைக்கு எது நல்லது?

கராத்தே ஒகினாவா தீவில் வளர்ந்த கலை. 1922இல் கிச்சின் ஃபுனாகோஷி டோக்கியோவில் அதைச் செய்துகாட்டிய பிறகுதான் ஜப்பான் முழுவதும் பரவியது. குத்து, உதை, தடுப்பு மூன்றும் அதில் உண்டு. ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று பிரிவுகள் இருந்தாலும் தொடங்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. 1882இல் ஜிகோரோ கானோ உருவாக்கிய ஜூடோவில் அடி கிடையாது. பிடித்து நிலைகுலைத்து வீழ்த்துவதுதான். தைக்குவாண்டோ கொரியாவினுடையது, உதைகள் அதிகம். வூஷூ சீனாவிலிருந்து வந்தது. பாய்ச்சலும் வளைவும் கூடியது. சிலம்பம் எங்களுடையது. கம்பு சுழற்றுவதற்கு முன்னர் காலடி வைக்கப் பழக்குவார்கள், அதனால் உடம்பின் சமநிலைக்கு அருமையான கலை.

எதைத் தெரிவு செய்வது? வீட்டுக்குக் கிட்ட எந்த நல்ல ஆசிரியர் இருக்கிறாரோ அவர் படிப்பிப்பதை. பருத்தித்துறையில் இருக்கும் பிள்ளையை 30 கிலோமீற்றருக்கு மேல் தாண்டி வாரத்தில் இரண்டு தடவை யாழ் நகரத்துக்குக் கொண்டுவந்தால், மூன்றாம் மாதம் பிள்ளையும் களைத்துவிடும், கொண்டுவரும் ஆளும் களைத்துவிடுவார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜூடோ என்றால் தரையில் மெத்தை விரிப்பு கட்டாயம் இருக்கவேண்டும். வெறும் சீமெந்துத் தரையில் பிள்ளைகளை வீழ்த்திப் பழக்கும் இடத்துக்குப் பிள்ளையை விடவேண்டாம்.

மகனுக்கு நாலு வயசு. இப்பவே சேர்க்கலாமோ?

விளையாட்டாகச் செய்யும் வகுப்பென்றால் சேர்க்கலாம். ஓடுவது, உருள்வது, ஒற்றைக் காலில் நிற்பது, சொன்னதும் நிற்பது என்று அரை மணித்தியாலம் போதும். முறையான பயிற்சிக்கு ஆறு, ஏழு வயது பொருத்தம். அந்த வயதில்தான் இரண்டு மூன்று கட்டளைகளை ஒரேயடியாக மனதில் வைத்திருக்கவும், தன் முறை வரும்வரை பொறுக்கவும் பிள்ளைக்கு இயலும்.

பதினொரு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து "பிந்திப் போச்சோ" என்று கேட்பவர்களும் உண்டு. பிந்தவில்லை. பெரிய பிள்ளைகள் கெதியாகப் பிடித்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகளோடு வெள்ளைப் பட்டியில் நிற்கத்தான் வெட்கப்படுவார்கள், அதுவும் சில வாரங்களில் போய்விடும்.

உண்மையாவே என்ன பிரயோசனம்? சும்மா ஒரு பொழுதுபோக்குத்தானே?

முதலில் உடம்பு. ஐந்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்கவேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் வேலை செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் பிள்ளைகளின் நாளை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாங்கு, ரியூசன் வாங்கு, பிறகு வீட்டில் கைத்தொலைபேசி. குந்தி எழும்பச் சொன்னால் குதிக்கால் நிலத்தில் படாத பத்து வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இந்தக் கலைகளில் இடது வலது இரண்டு பக்கத்தையும் ஒரேயளவு பாவிக்கவேண்டும். கிரிக்கெட்டில் அது அவ்வளவாகக் கிடைக்காது.

அடுத்தது மனம். 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் தைக்குவாண்டோவும் மற்றவர்களுக்கு வழக்கமான உடற்பயிற்சிப் பாடமும் கொடுத்துப் பார்த்தார்கள். தைக்குவாண்டோ பழகியவர்களுக்குத் தன்னை அடக்கிக்கொள்வதிலும் வகுப்பறை நடத்தையிலும் கூடிய முன்னேற்றம். மனக்கணக்கிலும் அப்படித்தான். இது மந்திரம் இல்லை. ஒரே அசைவை நூறு தடவை செய்யும்போது, ஒவ்வொரு தடவையும் பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தவேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் கொப்பியிலும் வேலை செய்கிறது.

இன்னொன்று கண்ணால் பார்ப்பது. முதல் நாள் பிள்ளையிடம் கையைப் பொத்திக் காட்டச் சொன்னால், பாதிப்பேர் பெருவிரலை உள்ளே வைத்துப் பொத்துவார்கள். அப்படிக் குத்தினால் உடைவது தன் பெருவிரல்தான். நாலு விரலையும் நுனியிலிருந்து சுருட்டி, பெருவிரலை வெளியே குறுக்காக மடித்து, மணிக்கட்டை நேராக வைக்கப் பழக்குவோம். சில நாள் கழித்து, பக்கத்தில் புதிதாக வந்து நிற்கும் பிள்ளையின் பெருவிரலை இந்தப் பிள்ளையே மெதுவாக வெளியே எடுத்து விடும். யாரும் சொல்லிச் செய்வதில்லை. பிரயோசனம் என்னவென்று கேட்பவர்களை அந்த நேரத்தில் வந்து பார்க்கச் சொல்வேன்.

அடிபிடி பழகினால் வீட்டில தங்கச்சிக்கு அடிப்பான் எல்லோ?

முதல் இரண்டு வாரம் வீட்டில் உதைத்துக் காட்டுவான், அது நடக்கும். "மண்டபத்துக்கு வெளியில் ஆள்மேல் செய்துகாட்டக் கூடாது" என்ற விதியை நாங்களும் சொல்லுவோம், நீங்களும் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விதி என்று தெரிந்தால் அடங்கிவிடுவான்.

நீண்ட கால விளைவு படிப்பிக்கும் முறையில் தங்கியிருக்கிறது. குற்றச்செயல்களில் மாட்டிய பதின்ம வயதினரை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 1986இல் வெளிவந்தது. வணக்கம், ஒழுக்கம், நிதானம், வடிவப் பயிற்சி (ஒழுங்குபடுத்திய அசைவுகளைத் தனியே வரிசையாகச் செய்வது) எல்லாவற்றோடும் மரபுப்படி தைக்குவாண்டோ பழகியவர்களின் மூர்க்கம் ஆறு மாதத்தில் குறைந்தது. சண்டை நுட்பங்களை மட்டும் பழகியவர்களுக்கு அது கூடியது. கலை ஒன்றுதான், படிப்பித்த விதம் வேறு. ஆகவே "கராத்தே பிள்ளையைக் கெடுக்குமா" என்பதைவிட "இந்த மாஸ்டர் என்ன படிப்பிக்கிறார்" என்று கேளுங்கள்.

அப்ப நல்ல மாஸ்டரை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு வகுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை இருந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடமென்றால் அன்றைக்கே திரும்பி வாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்க்கவேண்டாம். வரிசையின் கடைசியில், இடது வலது மாறி நிற்கிற பிள்ளையைப் பாருங்கள். மாஸ்டர் அந்தப் பிள்ளையிடம் போகிறாரா, போனால் என்ன தொனியில் கதைக்கிறார், மற்றப் பிள்ளைகள் சிரித்தால் அவர் என்ன செய்கிறார். என் கணக்கில் சுவரில் தொங்கும் சான்றிதழ்களைவிட இது பெரிய அத்தாட்சி.

சான்றிதழும் பார்க்கத்தான் வேண்டும். யாரிடம் பழகினார், எந்தச் சங்கத்தில் பதிவு, அது தேசிய சம்மேளனத்தோடு தொடர்புள்ளதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது. சந்தேகம் என்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். உடம்பைச் சூடாக்காமல் நேரே உதைக்க விடுபவர், முதலுதவிப் பெட்டி இல்லாதவர், ஐம்பது பிள்ளைகளைத் தனியே வைத்துச் சமாளிப்பவர், இவர்களிடம் சிறிய பிள்ளையை விடவேண்டாம்.

பெட்டைப்பிள்ளைக்கு இது தேவையோ? சனம் என்ன சொல்லும்?

தேவை. சனம் இப்போது முன்னையளவு சொல்வதும் இல்லை. மாகாண மட்டத்தில் பதக்கம் எடுக்கும் பெண்பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வரும்போது அதே சனம்தான் பாராட்டுகிறது.

நடைமுறை விஷயங்கள் சில. கராத்தே உடுப்புக்குள் ஒரு ரி-சேட் போட்டுவிடுங்கள். முக்காடு அணியும் பிள்ளைகள் விளையாட்டுக்கென்று தைத்த, ஊசி குத்தாத முக்காட்டோடு பழகலாம். உலகக் கராத்தே சம்மேளனமே அங்கீகரித்த முக்காட்டைப் போட்டிகளில் அனுமதிக்கிறது. மாதவிடாய் நாட்களில் பிள்ளைக்கு இயலுமென்றால் பழகலாம், இயலாதென்றால் காரணம் கேட்காமல் இருக்க விடவேண்டும். வகுப்பில் ஒரு பெண் பயிற்றுநரோ மூத்த மாணவியோ இருந்தால் இதெல்லாம் இலகு. இல்லையென்றால் தாய்மாரில் ஒருவர் மாறி மாறி இருந்து பார்ப்பது நல்லது.

அம்மம்மா "பயிற்சி" எண்டாலே பயப்பிடுறா. என்ன சொல்லுறது?

எங்கள் ஊரில் அந்தப் பயத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் "பயிற்சிக்கு" போவது என்றால் என்னவென்று அவர்கள் வாழ்ந்து கண்டவர்கள். அந்தப் பயத்தோடு தர்க்கம் பண்ணவேண்டாம். ஒரு பின்னேரம் அவவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கதிரை போட்டு இருத்துவோம். பிள்ளைகள் குனிந்து வணங்குவதையும், விழுந்து எழும்பிச் சிரிப்பதையும், ஏழு மணிக்கு முன்னர் எல்லோரும் வீட்டுக்குப் போவதையும் பார்த்த பிறகு அவ என்ன சொல்கிறாவோ கேளுங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் கொஞ்சக் காலம் பொறுப்பதில் பிழையில்லை.

அடிபடாதோ? வளர்த்தி நிண்டு போகும் எண்டும் சொல்லுறாங்களே?

சிராய்ப்பு, சுளுக்கு, கால்விரல் இடிபடுவது இதெல்லாம் வரும். எந்த விளையாட்டிலும் வரும். ஒருவரை ஒருவர் தொடாமல் செய்யும் அடிப்படைப் பயிற்சியிலும் வடிவப் பயிற்சியிலும், அதாவது காத்தாவில், ஆபத்து மிகக் குறைவு. தொட்டு மோதும் சண்டையில்தான் ஆபத்து கூடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் சொன்ன ஆலோசனையும் இதுதான்: பிள்ளைகள் தொடாத வகையில் தொடங்கட்டும், தலையில் அடி விழும் போட்டிகள் வேண்டாம்.

சரியான பயிற்சி வளர்த்தியை நிறுத்தாது. ஆனால் பிள்ளையின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. வயது வந்து வளர்ச்சி முடியும் வரை அது மூடாது. அதனால் பொத்திய கையின் விரல்முட்டியால் தரையில் தண்டால் எடுக்க வைப்பது, பலகையில் குத்திக் கையை இறுக்குவது, ஓடு உடைக்க விடுவது எல்லாம் பிள்ளைகளுக்குக் கூடாது. மேடையில் பார்க்க வடிவாக இருக்கும் என்பதற்காக ஓடு உடைக்கும் நிகழ்ச்சிக்குச் சின்னப் பிள்ளையை ஏற்றுபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது.

தலையில் அடி பட்டு, தலைச்சுற்று, சத்தி, தலையிடி, குழம்பிய கதை எதுவாவது இருந்தால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. வைத்தியரிடம் காட்டி, அவர் சொன்ன பிறகுதான் திரும்பப் படிப்படியாகத் தொடங்கவேண்டும். மயக்கம் வந்தால் யோசிக்காமல் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஜூடோவில் முதலில் பழக்குவது விழுவதற்கு. நாடியை நெஞ்சோடு சேர்த்து, பின்னந்தலையைத் தூக்கி வைத்து, முழுக் கையாலும் மெத்தையில் பளார் என்று அடித்தபடி விழவேண்டும். அடியின் வேகம் கையால் பரந்து போய்விடும். கராத்தே வகுப்புகளிலும் பலர் இதைச் சேர்த்துப் பழக்குகிறார்கள். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இதைவிட உதவக்கூடிய பாடம் குறைவு.

ஸ்கொலசிப் வருசம். ஒரு வருசத்துக்கு நிப்பாட்டுவமோ?

தரம் ஐந்து தாய்மாரில் பெரும்பாலானோர் கேட்பது இது. முழுதாக நிறுத்தவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். வாரத்தில் இரண்டு நாள் வந்த பிள்ளை ஒரு நாள் வரட்டும். அந்த ஒரு மணித்தியாலத்தால் புள்ளி குறைந்துவிடாது. மேலே மூன்றாவது பதிலில் சொன்னதைப் பார்த்தால் கூடவும் இடமுண்டு. தரப்படுத்தலையும், அதாவது அடுத்த பட்டிக்கான பரீட்சையையும், போட்டியையும் அந்த வருடம் விட்டுவிடலாம். பிள்ளையின் நித்திரையை வெட்டி வகுப்புக்கு நேரம் எடுக்கவேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை வேண்டும்.

சாப்பாடு, வெயில் எல்லாம் என்ன மாதிரிப் பார்க்கிறது?

வயிறு நிறையப் புட்டும் கறியும் சாப்பிட்டால் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். நேரமில்லையென்றால் ஒரு வாழைப்பழம் போதும். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். சித்திரை, வைகாசி வெக்கையில் தகரக் கூரை மண்டபத்துக்குள் பிள்ளைகள் தாகம் வருமுன்பே களைத்துவிடுவார்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை குடிக்க விடவேண்டும். "தண்ணி குடிச்சால் மனவுறுதி குறையும்" என்று தடுக்கும் பயிற்றுநர் இன்னும் எங்காவது இருந்தால் அது பழைய பிழை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுக்குத் தண்ணீர் தரையில் நின்றால் அன்றைக்கு உதை வேண்டாம். அந்தக் காலம் டெங்குக் காலமும்கூட, மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்க்கவேண்டும். காய்ச்சல் வந்த பிள்ளை முழுதாகத் தேறும்வரை வரவேண்டாம்.

மகளுக்கு இழுப்பு இருக்கு. பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு ஓட்டிசம். இப்பிடிப் பிள்ளையளைச் சேர்ப்பீங்களோ?

இழுப்புள்ள பிள்ளை பழகலாம். வைத்தியரிடம் கேட்டு, உறிஞ்சு மருந்தைப் பையில் வைத்து, அதை எப்படிப் பாவிப்பது என்று பயிற்றுநருக்குக் காட்டிவிடுங்கள். மறைக்கவேண்டாம், அதுதான் முக்கியம்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளோடு ஈரானில் செய்து 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில், 14 வாரம் காத்தா பழகிய பிறகு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது. ஒழுங்கு மாறாத வரிசை, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த வகுப்பு, இது பல பிள்ளைகளுக்கு ஆறுதல். முதல் மாதம் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். கத்தி எண்ணும் சத்தம் பிள்ளைக்கு ஒத்துவராவிட்டால் வேறு நேரத்தில் இரண்டு மூன்று பேரோடு தொடங்கலாம்.

கறுப்புப் பட்டி எடுக்க எத்தினை வருசம்? இதில காசு பறிக்கிறாங்கள் எண்டும் கதை.

ஒழுங்காக வந்தால் நாலைந்து வருடமாவது எடுக்கும். இரண்டு வருடத்தில் தருவோம் என்பவரிடம் கவனம். பட்டி முறை கராத்தேயில் பிறந்ததே இல்லை. தரநிலைகளை ஜூடோவில் கொண்டுவந்தவர் கானோ; 1924இல் ஃபுனாகோஷி அதைக் கராத்தேக்கு எடுத்தார். நிற வரிசை பிரிவுக்குப் பிரிவு மாறும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பட்டியோடு உங்கள் பிள்ளையின் பட்டியை ஒப்பிடவேண்டாம்.

காசு விஷயத்தில் சேரும் நாளிலேயே எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மாதக் கட்டணம், உடுப்பு, தரப்படுத்தல் பரீட்சைக் கட்டணம், சங்க அங்கத்துவம், போட்டிச் செலவு. ஒவ்வொரு மூன்று மாதமும் ஆயத்தமோ இல்லையோ எல்லோரையும் பரீட்சைக்கு இருத்தி எல்லோரையும் சித்தியடையச் செய்தால், அங்கே பட்டி விற்கிறார்கள். உடுப்பை முதல் மாதம் வாங்கவேண்டாம். பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

போட்டிக்கு விடட்டோ? யூனிவேசிற்றிக்கு உதவுமோ?

பிள்ளை கேட்டால் விடுங்கள். காத்தாப் போட்டியில் தொடங்குவது பாதுகாப்பு. சண்டைப் போட்டிக்குப் பற்காப்பு, முழங்காற் கீழ்க் காப்பு, கையுறை எல்லாம் சொந்தமாக, அளவாக இருக்கவேண்டும். எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பாடசாலை விளையாட்டில் வலயம், மாகாணம், அகில இலங்கை என்று மேலே போக வழியுண்டு. ஜூடோ 1964 முதலும் (1968 தவிர) தைக்குவாண்டோ 2000 முதலும் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டுகள். கராத்தே டோக்கியோவில் ஒரு தடவை மட்டும் இருந்தது, 2024 பாரிஸில் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு, உயர்தரத்தில் தேவையான தகைமையோடு தேசிய மட்டச் சாதனையும் உள்ளவர்களுக்கென்று ஒரு விசேட அனுமதி வழி இருக்கிறது, இடங்கள் மிகச் சில. அதை நம்பி ஆறு வயதில் சேர்க்கவேண்டாம்.

பள்ளிக்கூடத்தில ஒருத்தன் ஒவ்வொரு நாளும் அடிக்கிறான். திருப்பி அடிக்கச் சொல்லட்டோ?

முதலில் ரீச்சரிடம் போவது உங்கள் வேலை. பிள்ளையின் கையில் அதை விடவேண்டாம். நாங்கள் பழக்கும் ஒழுங்கு இது: விலகி நில், இரண்டு கையையும் திறந்து முன்னால் பிடி, சத்தமாக "விடு" என்று சொல், பெரியவர்கள் இருக்கும் பக்கம் ஓடு, நடந்ததைச் சொல். பிடித்த கையை விடுவிக்கவும் பழக்குகிறோம். ஓட வழியில்லாமல் தன்னைக் காக்க ஒரு தடவை தள்ளிவிட்டால் அந்தப் பிள்ளையைப் பேசவேண்டாம்.

பெரியவர் ஒருவரால் வரும் ஆபத்துக்குச் சிறு பிள்ளையின் குத்து போதாது. தெரிந்தவர், உறவுக்காரர், வாகனம் ஓட்டுபவர் யாராக இருந்தாலும் உடம்பைத் தொட்டால் சத்தம் போடலாம், அம்மாவிடம் சொன்னால் அம்மா ஏசமாட்டா என்ற தைரியம்தான் அங்கே காப்பாற்றும். அதைக் கொடுப்பதில் பாதி எங்கள் வகுப்பு, மீதி உங்கள் வீடு.

இப்ப போகமாட்டன் எண்டு அழுகிறான். கட்டாயப்படுத்தட்டோ?

ஏன் என்று முதலில் கேளுங்கள். களைப்பா, கூட்டாளி நின்றுவிட்டானா, ஒரே பயிற்சி அலுத்துவிட்டதா? இவை என்றால் அடுத்த தரப்படுத்தல் வரை வா, பிறகு நீ சொல் என்று ஒரு எல்லை வைக்கலாம். அந்த எல்லை வந்ததும் சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டும். வேறு விளையாட்டுக்கு ஆசை என்றால் சந்தோசமாக விடுங்கள். திடீரென்று பயந்து, காரணமும் சொல்லாமல் மறுத்தால் கட்டாயப்படுத்தவே வேண்டாம். அடுத்த கேள்வியை வாசியுங்கள்.

வேற ஒரு இடத்தில மாஸ்டர் தடியால அடிக்கிறார். ஒழுக்கத்துக்கு எண்டு சொல்லுறார். சரிதானோ?

சரியில்லை. காலின் நிலையைத் திருத்தத் தொடவேண்டியிருந்தால் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னும் தொடுவார்கள். அடிப்பது, மயங்கும்வரை குந்தவைப்பது, உடம்பைச் சொல்லிக் கேலி செய்வது, தனியே அறைக்குக் கூப்பிடுவது, இரவில் பிள்ளைக்குத் தனிப்படச் செய்தி அனுப்புவது, "வீட்டில் சொல்லாதே" என்பது, இதில் ஒன்று நடந்தாலும் பிள்ளையை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கட்டின காசையும் வாங்கின பட்டியையும் யோசிக்கவேண்டாம். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, சொன்ன சொல்லிலேயே எழுதிவையுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குத் தமிழிலேயே கதைக்கலாம். அந்த வகுப்பின் மற்றப் பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள், அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் அங்கேதான் போய்க்கொண்டிருப்பார்கள்.